மருந்துத் தட்டுப்பாடும் நாமும்



தோட்டத்துப் பள்ளியில் வேலை செய்கிறவர்களிடம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தோடு வீட்டுச் செய்திகளையும் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அப்படி வந்த ஒரு செய்தியைச் சொல்லி இந்தப் பேச்சைத் தொடங்குகிறோம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவளிடம் காரணம் கேட்டோம். "பாட்டி கீழே விழுந்துட்டாங்க டீச்சர். ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க" என்றாள்.

மாலையில் அந்த வீட்டுக்குப் போனோம். பாட்டிக்கு இரத்தக் கொதிப்பு. பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறவர். கடைசியாக மருந்து எடுக்கப் போனபோது, "இந்த மாத்திரை கையிருப்பில் குறைவாக இருக்கிறது. இப்போது இரண்டு வாரத்துக்குத்தான் தர முடியும். மீதியைப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மறுபடியும் போவதென்றால் மகன் அரை நாள் வேலையை விட வேண்டும். அரை நாள் சம்பளம் போகும். பாட்டி யோசித்தார். யாரிடமும் சொல்லாமல் கத்தியை எடுத்து ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டாக வெட்டினார். இரண்டு வார மருந்து நான்கு வார மருந்தாயிற்று. நான்காவது வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் விழுந்தார். உயிர் தப்பிவிட்டார். ஆனால் வலது கையில் பழைய பிடி இல்லை. "சொல்லியிருந்தா நான் போயிருப்பேனே, டீச்சர்" என்று மகன் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நேயர்களே, அந்தப் பாட்டியை நாம் குறை சொல்ல முடியுமா? செம்பனை உதிரிப் பழம் பொறுக்கி நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். சீனி குறைந்தால் தேநீரில் சீனியைக் குறைத்தவர். அரிசி குறைந்தால் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டியவர். அந்தச் சிக்கனம்தான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிற்று. ஆனால் மருந்து அரிசியைப் போன்றதன்று. பாதி அரிசி பாதிப் பசியை ஆற்றும். பாதி மருந்து பாதி நோயை ஆற்றும் என்று சொல்ல முடியாது. சில வேளைகளில் அது ஒன்றையுமே ஆற்றாது. மருந்துத் தட்டுப்பாடு என்பது என்ன, அது ஏன் வருகிறது, வந்தால் நோயாளிக்கும் மருத்துவம் பார்க்கிறவர்களுக்கும் என்ன நேர்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை இன்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

திருவள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். அதன் கடைசிக் குறளில், மருத்துவம் என்பது நான்கு பகுதிகளைக் கொண்டது என்கிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, பக்கத்திலிருந்து அந்த மருந்தைக் கொடுப்பவர் ஒருவர். கட்டிலுக்கு நான்கு கால் இருப்பதுபோல் மருத்துவத்துக்கும் நான்கு கால். இவற்றில் மருந்து என்னும் ஒரு கால் குட்டையாகிப் போனால் கட்டில் முழுவதுமே ஆடும். நோயாளியும் ஆடுவார், மருத்துவரும் ஆடுவார், பக்கத்தில் இருப்பவரும் ஆடுவார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மருந்துத் தட்டுப்பாடு நமக்குப் புதியதன்று. நம் தாத்தா பாட்டிகள் அதன் கொடுமையை நேரில் கண்டவர்கள். மலேரியாக் காய்ச்சலுக்குக் 'கொயினா' என்று ஒரு மருந்து இருந்தது. சிங்கோனா என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்ட, நாக்கை வளைக்கும் கசப்பு மருந்து. தென் அமெரிக்க மலைகளில் வளர்ந்த அந்த மரத்தை 1860-ஆம் ஆண்டு வாக்கில் நீலகிரிக்குக் கொண்டுவந்து பயிரிட்டார்கள். டச்சுக்காரர்கள் ஜாவாத் தீவில் பெரும் தோட்டங்கள் போட்டார்கள். 1930-களில் உலகத்துக்கு வேண்டிய கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்தே போயிற்று. மலாயாத் தோட்டங்களில் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துக் கொயினா கொடுத்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கிற்று. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் ஜாவாவும் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. உலகத்தின் கொயினாப் பெட்டி ஒரே நாளில் பூட்டப்பட்டது போலாயிற்று. ஜாவா நமக்குப் பக்கத்துத் தீவுதான். மலாயாவும் ஜாவாவும் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தன. ஆயினும் மருந்து தோட்டத்து லயங்களுக்கு வந்து சேரவில்லை. படைக்குப் போனது போக, மீதி கறுப்புச் சந்தைக்குப் போயிற்று. கொசு வளராமல் கால்வாய் வெட்டி எண்ணெய் தெளிக்கும் வேலைகளும் கவனிப்பாரற்றுப் போனதால், அடங்கியிருந்த மலேரியா மறுபடி தலைதூக்கிற்று. மரவள்ளிக் கிழங்கைத் தின்று மெலிந்த உடம்புகளில் காய்ச்சல் சுலபமாகக் குடிபுகுந்தது.

சயாம் மரண ரயில் பாதையைப் பற்றி நேயர்கள் அறிவீர்கள். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. அடியும் பட்டினியும் பாதிக் காரணம். மலேரியா, காலரா, வயிற்றுக் கடுப்பு, ஆறாத புண் ஆகியவை மறு பாதி. இவற்றில் பலவற்றுக்கு அந்தக் காலத்திலேயே மருந்து இருந்தது. தேவைப்பட்ட இடத்தில்தான் இல்லை. மருந்தே கண்டுபிடிக்கப்படாமல் சாவது விதி என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். மருந்து இருந்தும் கிடைக்காமல் சாவதை என்னவென்று சொல்லித் தேற்றிக்கொள்வது?

தோட்டத்தில் எஞ்சியிருந்த டிரெஸர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். வாசலில் நாற்பது பேர் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். புட்டியில் பத்துப் பேருக்கு மட்டுமே மருந்து இருக்கும். யாருக்குக் கொடுப்பது? பிள்ளைக்கா, பிள்ளையைப் பெற்றவளுக்கா, உழைத்துக் கஞ்சி ஊற்றுகிறவனுக்கா? மருத்துவம் படித்த எவருக்கும் இதற்கு விடை சொல்லிக் கொடுக்கப்படுவதில்லை. தட்டுப்பாட்டின் சுமை நோயாளியின் முதுகில் மட்டும் ஏறுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

அது போர்க்காலம், இப்போதுதான் போர் இல்லையே, இப்போதும் ஏன் தட்டுப்பாடு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து நம் கைக்கு வரும் வழியைத் தெரிந்துகொண்டால் விடை தானாகக் கிடைக்கும்.

ஒரு பாரசிட்டமோல் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதற்குள்ளே காய்ச்சலைத் தணிக்கும் மூலப்பொருள் இருக்கிறது. அந்த மூலப்பொருளைச் செய்யும் ஆலைகள் பெரும்பாலும் சீனாவிலும் இந்தியாவிலும் இருக்கின்றன. அங்கிருந்து அது கப்பலேறி மாத்திரை செய்யும் தொழிற்சாலைக்கு வருகிறது. அங்கே மாவு சேர்த்து, அச்சில் அழுத்தி, அட்டையில் அடைக்கிறார்கள். பிறகு மொத்த வியாபாரியின் கிடங்கு. அதன்பின் மருத்துவமனைக் கிடங்கு. அதன்பின் கிளினிக்கின் கண்ணாடிச் சன்னல். கடைசியாக உங்கள் உள்ளங்கை. இது ஒரு சங்கிலி. இதில் எந்த ஒரு கண்ணி அறுந்தாலும் கடைசியில் இருக்கும் கை வெறுங்கைதான்.

கண்ணிகள் எப்படி அறுகின்றன என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறோம். கோவிட் தொற்று பரவத் தொடங்கிய 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியா 26 வகை மூலப்பொருள்களையும் மருந்துகளையும் வெளிநாடுகளுக்கு அனுப்புவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அவற்றில் பாரசிட்டமோலும் ஒன்று. தன் மக்களுக்கு முதலில் வேண்டுமே என்று அந்த நாடு எண்ணிற்று. அதில் தவறு காண்பது கடினம். ஆனால் கடல் கடந்து காத்திருந்த நாடுகளுக்கு அது பெரிய கவலையாயிற்று.

2022-ஆம் ஆண்டு நடுப்பகுதியை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து, பள்ளிகள் முழுவதுமாகத் திறந்து, இரண்டு ஆண்டுகள் வீட்டுக்குள் இருந்த பிள்ளைகள் ஒன்றுகூடிய நேரம். சளியும் காய்ச்சலும் கை, கால், வாய்ப்புண் நோயும் வகுப்பு வகுப்பாகப் பரவின. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் காய்ச்சல் மருந்து தேவைப்பட்டது. அதே நேரத்தில் சீனாவில் நகரங்கள் பூட்டிக் கிடந்தன. கப்பல் போக்குவரத்து தாறுமாறாக இருந்தது. தேவை கூடிற்று, வரத்து குறைந்தது. நாடு முழுவதும் தனியார் கிளினிக்குகளிலும் மருந்துக் கடைகளிலும் இருமல் மருந்தும் காய்ச்சல் மருந்தும் தட்டுப்பட்டன. பிள்ளைகளுக்கான ஒரு புட்டி காய்ச்சல் மருந்து தேடி நாங்களே கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் உறவினரைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் துன் சம்பந்தன் சாலைக் கடைகளில் கேட்கச் சொன்னோம். அங்கேயும் அதே பதில்தான்.

வெள்ளமும் ஒரு கண்ணியை அறுக்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலாமும் கிள்ளானும் மூழ்கியபோது, கிள்ளானை அடுத்த புக்கிட் ராஜாவில் அரசாங்க மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்பும் கிடங்கிலும் தண்ணீர் புகுந்தது. பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2024 செப்டம்பரில் ஹெலீன் என்ற சூறாவளி அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைத் தாக்கிற்று. நரம்பில் ஏற்றும் உப்புநீர் போன்ற திரவங்களில் அந்த நாட்டுக்கு வேண்டியதில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைச் செய்து வந்த ஒரே தொழிற்சாலை வெள்ளத்தில் சிக்கிற்று. அமெரிக்க மருத்துவமனைகள் உப்புநீரைச் சிக்கனம் பிடித்தன. அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளைச் சில இடங்களில் தள்ளிவைத்தன. ஒரே கூடையில் எல்லா முட்டைகளையும் சுமந்து போகிற கதைதான் இது. மலிவாகக் கிடைக்கிறது என்று உலகமே ஒன்றிரண்டு இடங்களை நம்பியிருந்தால், அந்த இடம் தும்மும்போது உலகத்துக்கே சளி பிடிக்கும்.

பணமில்லாமல் அறுந்த சங்கிலிக்கு இலங்கை ஓர் உதாரணம். அந்த நாடு தன் மருந்துகளில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வெளியிலிருந்தே வாங்குகிறது. 2022-இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது மருந்து வாங்கவும் பணமில்லை. மார்ச் மாத இறுதியில் கண்டியை அடுத்த பேராதனைப் போதனா மருத்துவமனை, மருந்து இல்லாததால், முன்கூட்டியே நாள் குறித்திருந்த அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவைத்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெரிய மருத்துவத்துக்கு இறங்கி வருகிற இடங்களில் ஒன்று கண்டி. நம்மைப் போன்றே கடல் கடந்து சென்று மலையேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் சென்னையிலிருந்து அரிசி, பால்மாவு ஆகியவற்றோடு மருந்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் கொழும்புக்குச் சென்றது. தமிழ்நாட்டு அரசும் மக்களும் அனுப்பிய உதவி அது. உதவி பெரிதுதான். ஆனால் நாளும் மருந்து தேவைப்படுகிற நோயாளிக்கு, என்றோ வரும் கப்பல் போதாது.

இனி, கால் குட்டையான கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியைப் பார்ப்போம். எல்லா மருந்தும் ஒன்றுபோல் அல்ல. தலைவலி மாத்திரை ஒரு நாள் கிடைக்காவிட்டால் தலைவலியோடு படுத்து எழுந்துவிடலாம். ஆனால் சில நோய்களுக்கு மருந்து நாள்தோறும் போடும் வேலி. இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் உடனே ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வலிப்பு நோய் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். காச நோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். இடையில் விட்டால் அந்த மருந்துக்கே அடங்காத கிருமி வளர்ந்துவிடலாம்.

இனிப்புநீர் நோயை நாம் தனியாகவே சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, இந்த நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நம் லயத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று எண்ணினாலும் தவறாகாது. இவர்களில் சிலர் இன்சுலின் ஊசியை நம்பி வாழ்கிறவர்கள். 1921-இல் கனடாவின் தொரொந்தோ நகரில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் சிறுவயதில் இந்த நோய் வந்தவர்கள் பிழைப்பது அரிது. நூறு ஆண்டு கடந்த பின்னும் உலகத்துக்கு வேண்டிய இன்சுலினில் மிகப் பெரும்பகுதியை மூன்றே பெரிய நிறுவனங்கள்தான் செய்கின்றன. அவற்றில் ஒன்று ஒரு வகையை நிறுத்தினாலும், பல நாடுகளில் நோயாளிகள் வேறு வகைக்கு, வேறு அளவுக்கு, வேறு ஊசிப் பேனாவுக்கு மாற வேண்டியிருக்கிறது.

விலையாலும் தட்டுப்பாடு வரும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடி அலமாரியில் மருந்து இருக்கும், கை எட்டாது. கல்லீரலைக் கெடுக்கும் ஹெப்படைட்டிஸ் சி நோயைக் குணப்படுத்தும் சோபோஸ்புவிர் என்ற மாத்திரை அப்படித்தான் இருந்தது. ஒருவருக்கு முழுச் சிகிச்சைக்குப் பல பத்தாயிரம் வெள்ளி ஆகும். 2017 செப்டம்பரில், டாக்டர் எஸ். சுப்பிரமணியம் சுகாதார அமைச்சராக இருந்தபோது, மலேசிய அரசாங்கம் காப்புரிமைச் சட்டம் தனக்குத் தந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, அதே மருந்தை மலிவாகச் செய்கிறவர்களிடமிருந்து வாங்க வழி செய்தது. செலவு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு இறங்கிற்று. அரசாங்க மருத்துவமனைகளில் ஏழைகளும் அந்தச் சிகிச்சையைப் பெற்றார்கள். நெருக்கடி வரும்போது அரசு மனம் வைத்தால் வழியுண்டு என்பதற்கு நம் நாடே சாட்சி.

அடுத்து மருத்துவம் பார்க்கிறவர்களின் நிலை. நாம் சன்னலுக்கு வெளியே நிற்கிறோம். அவர்கள் உள்ளே நிற்கிறார்கள். மருந்து இல்லை என்று தெரிந்ததும் மருந்தாளர் மற்ற மருத்துவமனைகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்களிடம் இருக்கிறதா, கொஞ்சம் கடன் தருவீர்களா?" என்று கேட்கிறார். மருத்துவர் மாற்று மருந்தைத் தேடுகிறார். மாற்று மருந்தின் அளவு வேறாக இருக்கும். பக்க விளைவு வேறாக இருக்கும். நோயாளிக்கு ஏற்கெனவே உள்ள சிறுநீரகக் கோளாற்றுக்கோ ஆஸ்துமாவுக்கோ அது ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். தாதியர் மறுபடியும் இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். இருபது நோயாளியைப் பார்க்கிற நேரத்தில் பத்துப் பேரைத்தான் பார்க்க முடியும். அவசரத்தில் மாத்திரையின் நிறமும் அளவும் மாறும்போது தவறு நேரவும் இடமுண்டு.

இவ்வளவுக்கும் மேலாக, வசவு. "வரி கட்டவில்லையா நாங்கள்?" என்று சன்னலில் கத்துகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தச் சன்னல் அன்று. அந்தப் பெண் மருந்தை ஒளித்து வைத்திருக்கவில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு முந்திய கண்ணி அவள். நாம் கத்தினால் அவள் பேசுவதைக் குறைத்துக்கொள்வாள். பேசாமல் கொடுக்கப்படும் மருந்துதான் வீட்டில் இரண்டாக வெட்டப்படுகிறது.

தட்டுப்பாட்டை முன்கூட்டியே தடுக்க முடியாதா என்றால், முழுவதும் முடியாது, பெரும்பகுதி முடியும். தமிழ்நாட்டில் 1994-இல் அரசே மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை நிறுவிற்று. அதற்கு முன் மருந்து ஓரிடத்தில் குவிந்து கிடக்கும். இன்னோரிடத்தில் பஞ்சமாக இருக்கும். கழகம் மாநிலம் முழுவதற்கும் வேண்டிய அவசிய மருந்துகளை ஒரே இடத்தில் மொத்தமாக, மலிவாக வாங்கிற்று. மாவட்டந்தோறும் கிடங்கு கட்டிற்று. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு புத்தகம் கொடுத்தது. உனக்கு இவ்வளவு தொகை வரவு, அதற்குள் உனக்கு வேண்டிய மருந்தை எடுத்துக்கொள் என்பது ஏற்பாடு. மருந்தின் தரத்தையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்த பிறகே வெளியே விட்டது. இந்த முறையைப் பிற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றின. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரிவதற்கு முன்பே அடுத்த மூட்டைக்குச் சொல்லிவைக்கும் தாயின் புத்திதான் இது.

அந்தப் புத்தி ஒவ்வொரு வீட்டிலும் மருந்து விஷயத்தில் வேண்டும். அதற்காகச் சில யோசனைகள்.

முதலாவது, மருந்து குறைவாகக் கிடைத்தால் அதை நீட்டாதீர்கள். வெட்டாதீர்கள்; ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடாதீர்கள். சில மாத்திரைகள் வயிற்றில் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. அவற்றை உடைத்தால் ஒரு நாள் மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். சொன்ன அளவில் சாப்பிட்டு, தீருவதற்கு ஐந்தாறு நாள் முன்பே கேளுங்கள்.

இரண்டாவது, சன்னலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். "மீதி மருந்து எப்போது வரும்? வராவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? எந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்யலாம்?" விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அதற்குத்தானே நாங்கள் எழுத்துச் சொல்லித் தருகிறோம்! பெரிய மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த தொடர் மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. கேரித் தீவிலோ பந்திங்கிலோ இருக்கிறவர் ஒவ்வொரு முறையும் கிள்ளானுக்கோ கோலாலம்பூருக்கோ அலைய வேண்டியதில்லை. அதைப் பற்றியும் மருந்தாளரிடம் விசாரியுங்கள்.

மூன்றாவது, மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். "வெள்ளை மாத்திரை, மஞ்சள் மாத்திரை" என்பது பெயரன்று. மருந்துக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று நிறுவனம் சூட்டிய விற்பனைப் பெயர். மற்றொன்று உள்ளே இருக்கும் பொருளின் பெயர். பெனடோல் என்பது விற்பனைப் பெயர். பாரசிட்டமோல் என்பது பொருளின் பெயர். ஒரு நிறுவனத்தின் மாத்திரை இல்லாதபோது அதே பொருள் வேறு நிறுவனத்தின் அட்டையில் இருக்கலாம். நிறம் மாறிவிட்டது என்று அஞ்சித் தூக்கி எறியாதீர்கள். பழைய அட்டையும் புதிய அட்டையும் ஒன்றுதானா என்று கேட்காமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டும்விடாதீர்கள்.

நான்காவது, பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். உப்பும் புளியும் கடன் வாங்கலாம். இரத்தக் கொதிப்பு மாத்திரையிலேயே பல வகை உண்டு. ஒருவருக்கு அமுதம், மற்றவருக்கு நஞ்சு. இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கும் பதிவில்லாத மருந்துகளும் அப்படியே. தட்டுப்பாட்டுக் காலம் போலி மருந்துக்காரனுக்குப் பொங்கல். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண் இருக்கும். பாதுகாப்பு ஒட்டுச்சீட்டும் இருக்கும். 1984-ஆம் ஆண்டு மருந்துக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வந்த ஏற்பாடு இது. பதிவு இல்லாத மூட்டுவலி உருண்டைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக அதிகாரிகள் பல முறை எச்சரித்திருக்கிறார்கள்.

ஐந்தாவது, பதுக்காதீர்கள். ஒரு கடையில் நூறு புட்டி காய்ச்சல் மருந்து இருக்கிறது. ஊரில் நூறு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒன்று வாங்கினால் எல்லாருக்கும் உண்டு. பயத்தில் ஆளுக்கு மூன்று வாங்கினால் முப்பத்துமூன்று குடும்பத்தோடு மருந்து தீர்ந்துபோகும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சலில் கிடக்க, நம் அலமாரியில் இரண்டு புட்டி காலாவதியாகும். அந்தப் பிள்ளைகள் வேறு யாரோ அல்லர். நம் பிள்ளையின் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்கள்தாம்.

கடைசியாக ஒன்று. 1901-ஆம் ஆண்டு கிள்ளானுக்கு மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் அரசாங்க வைத்தியராக வந்தார். அந்த ஆண்டுதான் இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் துறைமுகமும் திறக்கப்பட்டது. திறந்த வேகத்தில் மலேரியா ஊரையும் துறைமுகத்தையும் வாரிக்கொண்டது. அவரிடம் கொயினா இருந்தது, கொடுக்கவும் செய்தார். ஆனால் மருந்தை மட்டும் நம்பி அவர் உட்கார்ந்துவிடவில்லை. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று 1897-இல் ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்திருந்தார். அதை நம்பி வாட்சன் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டச் செய்தார். காட்டை அழிக்கச் செய்தார். சில ஆண்டுகளில் கிள்ளானில் மலேரியாச் சாவு பெரிதும் குறைந்தது. அந்தக் கால்வாய்களை வெட்டிய கைகளில் நம் முன்னோர் கைகளும் உண்டு.

அவர் காட்டிய வழி இன்றைக்கும் பொருந்தும். தேநீரில் சீனியைக் குறைப்பதும், மாலையில் அரை மணி நேரம் நடப்பதும், கறியில் உப்பைக் குறைப்பதும், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும் நாம் வெட்டுகிற கால்வாய்கள். இவை மருந்துக்கு மாற்று ஆகமாட்டா. மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. ஆனால் மருந்தின் மேல் நாம் சாய்கிற சாய்வு கொஞ்சம் குறையும்.

அந்தப் பாட்டி வீடு திரும்பிவிட்டார். இப்போது மருந்துப் பையின் பொறுப்பு பேத்தியிடம் இருக்கிறது. ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு, மாத்திரையின் பெயர், வேளை, எத்தனை மீதி, எந்தத் தேதியில் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறாள். வள்ளுவர் சொன்ன நான்காவது ஆள், பக்கத்திலிருந்து மருந்து கொடுப்பவர் யார் என்று நாம் தேட வேண்டியதில்லை. அந்த ஒன்பது வயதுப் பெண்தான். மருந்து என்னும் கால் குட்டையாகும் நாளில், கட்டில் கவிழாமல் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கட்டும். இன்றிரவே உங்கள் வீட்டு மருந்துப் பையை எடுத்துப் பாருங்கள். இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள்.